முட்டு வீட்டுக் கதவும் அன்னக்கொடியின் குரலும்

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அன்னக்கொடி பூண்டுக்கு விலை சொன்னால் நாலு கடை தள்ளி நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. சீசனுக்கு மலையேறி வருகிறவர்கள்தான், விலை சொன்ன ஆம்பிளை எங்கே என்று தேடுவார்கள். மூட்டைக்குப் பின்னால் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்தான் பேசினாள் என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்னக்கொடிக்கு வராது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், பூண்டு வாங்கினால் சரி என்பாள். அவளுக்கு இருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. அதனால்தான் அவள் கதையை நான் எழுதுகிறேன்.

என் பெயர் நஜீமா. என் வீட்டுக்காரர் ஜலாலுதீன் பஜாரில் பூண்டும் உருளைக்கிழங்கும் மொத்தமாக வாங்கி விற்கிறார். மேல்மலை ஊர்களுக்கு அவரே போய்ச் சரக்கு பார்த்து, மட்டக்குதிரைகளில் ஏற்றிக்கொண்டு வருவார். பூம்பாறைக்கும் அப்பால், குதிரை மட்டுமே போகிற பாதையில் ஊத்துப்பாறை என்று ஓர் ஊர். அன்னக்கொடி வாழ்க்கைப்பட்டது அங்கேதான். புருஷன் வேலுமணி நல்ல உழைப்பாளி. அதிர்ந்து பேச மாட்டான் என்று ஊரில் அவனைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்கே பேச வேண்டுமோ அங்கேயும் பேச மாட்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஊரில் பெண்கள் மாதவிலக்கு நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே ஓடையோரம் ஒரு மண் வீடு இருக்கிறது. முட்டு வீடு என்பார்கள். ஜன்னல் கிடையாது. மேல்மலைக் குளிரில், மார்கழியானாலும் அந்த நாட்கள் முழுவதும் அங்கேதான் கிடக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம். எவள் போகிறாள், எவள் போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தி போகாமல் இருந்தால் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். போக வேண்டியவள் போகாமல் மறைத்தால் பூண்டு அழுகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பூண்டு அழுகுவதற்கு ஐப்பசி அடைமழை போதும் என்பது விவசாயம் செய்கிற அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மழையைக் கூப்பிட்டு அபராதம் போட முடியாதே.

அன்னக்கொடி கல்யாணமாகி மூன்று வருஷம் மாதம் தவறாமல் முட்டு வீட்டுக்குப் போனவள். 1955ஆம் வருஷக் கடைசியில் அது நின்றது. மாமியார் இருளாயி ஊரெல்லாம் கருப்பட்டி கொடுத்தாள். மருமகளைச் சுமை தூக்க விடவில்லை. மாதங்கள் போயின. வயிறு வளரவில்லை. ஊர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தது. பத்து மாதமும் கடந்து பிள்ளை பிறக்காதபோது, இவள் கர்ப்பமே இல்லாமல் விலக்கை மறைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அந்த வருஷம் பூண்டுத் தாள் மஞ்சளடித்து அழுகியும் போயிருந்தது. ஊர்ப் பெரியவர் சின்னச்சாமி, ஊர் கூடுகிற மந்தையில் கூட்டம் போட்டார். மறைத்த குற்றத்துக்காக அவள் முட்டு வீட்டிலேயே தங்க வேண்டும், ஊர் சொல்கிறபோதுதான் வீட்டுக்கு வரலாம் என்று தீர்ப்பு. வேலுமணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான்.

அங்கே போனபிறகு இன்னொன்று நடந்தது. அவள் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்துச் சுக்கு குடித்தாள். சளி இல்லை. குரல் அடித்தொண்டைக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. மேலுதட்டில் பூனைமுடியாக இருந்தது கறுத்துத் தடித்தது, பிறகு தாடையிலும் வந்தது. மார்பு வற்றியது. முட்டு வீட்டுப் பெண்கள் பயந்துபோய், ஆம்பிளையோடு எப்படி ஒரே கூரைக்குக் கீழ் படுப்பது என்று சண்டை போட்டு அவளை வெளியே தள்ளினார்கள். வீட்டுக்குப் போனால் இருளாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பெண் என்று வீட்டை விட்டுத் துரத்தினார்கள், ஆண் என்று முட்டு வீட்டை விட்டும் துரத்தினார்கள். கடைசியில் பூண்டு காயவைக்கிற கொட்டகையில், புகையிலும் பூண்டு நெடியிலும் அவள் கிடந்தாள். தீர்ப்புச் சொன்ன பெரியவர்கள் அவரவர் வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

வேலுமணி ஒரே ஒரு காரியம் செய்தான். அவளை வத்தலக்குண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் சுவாமிநாதன் என்கிற டாக்டரிடம் காட்டினான். அந்த மனிதர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே முக்காட்டை விலக்கச் சொல்லிப் பார்த்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறவிக் கோளாறு, இதற்கு வைத்தியம் கிடையாது என்று சொல்லிவிட்டு ஒரு டானிக் எழுதினார். மூன்று வருஷம் மாதம் தவறாமல் விலக்கானவளுக்குப் பிறவிக் கோளாறு எங்கிருந்து வரும்? எப்போதிலிருந்து இப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வயிற்றில் ஒரு விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றும் செய்யவில்லை. பிறவிக் கோளாறு என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்பதை வைத்துக்கொண்டு இருளாயி தன் தம்பி மகளை வேலுமணிக்குப் பேச ஆரம்பித்தாள்.

1957இல் சரக்கெடுக்கப் போன என் வீட்டுக்காரர் கொட்டகையில் ஆம்பிளைக் குரல் கேட்டு, சேலைக்காரியைப் பார்த்துத் திகைத்துப்போய்த் திரும்பிவந்தார். வந்தவர் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். நான் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் அக்கா ரஹ்மத்துன்னிசா வயிற்றுக் கட்டியில் செத்தவள். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண் டாக்டரையும் யாரும் தேடவில்லை. கட்டி உடைந்தபிறகு எல்லோரும் நன்றாக அழுதார்கள். அந்த அழுகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கொட்டகையில் கிடக்கிற அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து யாராவது வயிற்றை அமுக்கிப் பார்த்தார்களா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அப்ப அடுத்த தடவ பூண்டோட அந்தப் புள்ளையையும் ஏத்திக்கிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் வர வேணாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அடுத்த நடையில் அவளை மட்டக்குதிரையில் உட்கார வைத்து, மேலே சாக்கைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலுமணி பின்னாலேயே நடந்து வந்தான்.

இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது சண்முகவள்ளி என்று ஒரு டாக்டரம்மா வேலை பார்த்தார். சின்ன வயசு, ஆனால் அதட்டல் குரல். அன்னக்கொடி முக்காட்டை எடுத்ததும் அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. முன்னே மாதாமாதம் ஒழுங்காக வந்ததா, எப்போது நின்றது, முடி முதலில் வந்ததா குரல் முதலில் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு படுக்க வைத்து உள்ளே கைவிட்டுச் சோதித்தார். இடப்பக்கம் மலை ஆரஞ்சு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் சூல்பை இருக்கிறது. பெண்ணின் உடம்பைப் பெண்ணாக வைத்திருக்கிற சுரப்பு அதிலிருந்துதான் வருகிறது. லட்சத்தில் ஒருத்திக்கு அதில் ஒரு கட்டி வரும், அந்தக் கட்டி ஆணுக்குரிய சுரப்பைச் சுரக்கும். விலக்கு நிற்கும், முடி வளரும், குரல் உடையும். பேயும் இல்லை, பிறவியும் இல்லை. "ஒன் ஒடம்பு பொம்பள ஒடம்புதாம்மா. உள்ள ஒரு திருடன் பூந்திருக்கான். அவன வெளிய எடுக்கணும். விட்டா வளருவான், உயிருக்கே வெனையாப் போகலாம்" என்றார். அந்தப் பக்கத்துச் சூல்பையை மட்டும் எடுத்தால் போதும், மற்றது நன்றாக இருந்தால் விலக்குத் திரும்பும், பிள்ளையும் பிறக்கலாம், ஆனால் போன குரல் திரும்பாது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அன்னக்கொடி கேட்டது ஒன்றுதான். "விலக்கு வந்துட்டா ஊருல என்னையப் பொம்பளைன்னு ஒத்துக்கிருவாகளா?" எதற்கும் பதில் வைத்திருந்த டாக்டரம்மா, மதுரை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அறுவை மதுரையில்தான் செய்ய வேண்டும். அங்கே ஆஸ்பத்திரியில் புருஷன் சம்மதம் வேண்டும் என்றார்கள். வேலுமணி ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றான். யாரிடம் கேட்க? சின்னச்சாமியிடம். அவர் பூண்டு மூட்டையைத் தவிர வேறு எதையும் திறந்து பார்த்தவர் இல்லை. வயிற்றைக் கிழித்தால் வம்சம் அற்றுப்போகும் என்று இருளாயி வேறு சொல்லி அனுப்பினாள். இருக்கிற கட்டியோடு மட்டும் வம்சம் தழைக்கப்போகிறதா? சம்மதம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. சண்முகவள்ளியம்மா லீவு போட்டுவிட்டு எங்களோடு மதுரைக்கே வந்துவிட்டார். அங்கிருந்த பெரிய டாக்டரிடம், "சார், வயிறு அவளோடது. அவ கைநாட்டு வச்சாப் போதும்" என்று நின்ற இடத்தில் நின்றார். அன்னக்கொடி கைநாட்டு வைத்தாள்.

கட்டியை எடுத்தார்கள். மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, உடையாமல் முழுசாக வந்தது. மற்ற சூல்பை சுத்தமாக இருந்ததால் அதைத் தொடவில்லை. கட்டியில் ஒரு துண்டைப் பரிசோதிக்க மதராசுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்ன அதே ஜாதிக் கட்டிதான் என்று அங்கிருந்து பதில் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. அபூர்வமான கேஸ் என்று படிக்கிற பிள்ளைகள் வரிசையாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். தையல் போட்ட வயிறோடு கிடக்கிறவளின் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள். "கட்டிய எடுத்து சாடியில போட்டு வச்சிருக்காகல்ல. அதப் போயிப் பாருங்கய்யா. இங்க கெடக்குறது நானு." அந்தக் குரலில் அதைக் கேட்டதும் பிள்ளைகள் கலைந்து போனார்கள்.

எங்கள் வீட்டில்தான் அவள் உடம்பு தேறினாள். அறுவை முடிந்து இரண்டாவது மாதம், காலையில் வெள்ளனே கொல்லைப்பக்கம் போனவள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். "அக்கா, வந்துருச்சுக்கா" என்றாள். விலக்கு வந்துவிட்டது. எந்தப் பெண்ணும் அதற்காக அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து அழுதேன். பிறகு தாடை முடி உதிர்ந்து மெலிந்தது, கன்னம் நிரம்பியது. குரல் மட்டும் டாக்டரம்மா சொன்னபடி அப்படியே நின்றது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், இந்தக் கட்டி திரும்ப வரக்கூடியது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

1958 மாசி மாதம் அவள் ஊருக்குப் போனாள். இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நோய் வந்தது, டாக்டர் கண்டுபிடித்தார், குணமானது. ஆனால் ஊத்துப்பாறைக்கு மதராசுப் பரிசோதனை போதவில்லை. சின்னச்சாமி மறுபடி மந்தையில் கூட்டம் போட்டார். டாக்டர் சொன்னதெல்லாம் கீழ்நாட்டுப் பேச்சு என்றார். முட்டு வீட்டுப் பெண்கள் அவளை உள்ளே சேர்த்து, அவர்கள் கண்ணால் பார்த்துப் பெண்தான் என்று சொல்ல வேண்டும். அதுவரை புருஷன் வீட்டுப் படி ஏறக் கூடாது. பங்குனிக்குள் சொல்லாவிட்டால் வேலுமணிக்கு இருளாயியின் தம்பி மகள் என்று பேச்சு. வேலுமணி வழக்கம்போலத் தலையைக் குனிந்தான். அன்னக்கொடி பழைய கொட்டகைக்கே போனாள்.

அந்தப் பங்குனியில் அவளுக்கு விலக்கானது. மாற்றுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு முட்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். யார் என்று கேட்டார்கள். "நாந்தான், அன்னக்கொடி. கதவத் தெறங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. ஆம்பிளைக்கு இங்கே இடமில்லை என்று ஒருத்தி கத்தினாள். வந்து பாருங்கள் என்று இவள் கெஞ்சினாள். ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் காதால் கேட்டே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தப் பெண்கள்மேல் எனக்கு வந்த கோபம் ஆண்கள்மேல் வந்ததைவிட அதிகம். அதே இருட்டுக்குள் அதே குளிரில் கிடக்கிறவர்கள்தானே அவர்களும்?

அன்று என் வீட்டுக்காரர் பூண்டு நிறுக்க ஊத்துப்பாறைக்குப் போயிருந்தார். மந்தையில் ஆம்பிளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்து, தண்ணீர் முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்தச் சாக்கில் பெண்கள் உட்காரும் வழக்கமே கிடையாது. ஓடைப் பக்கமிருந்து அன்னக்கொடி நடந்து வந்தாள். சேலைச் சுருட்டு கையிலேயே இருந்தது. யாரையும் கேட்காமல் கூட்டத்துக்குள் நுழைந்து, சின்னச்சாமிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இங்கே என்ன சோலி உனக்கு என்று சின்னச்சாமி கேட்டார்.

"முட்டு வீட்டுல ஆம்பளைன்னு கதவச் சாத்திட்டாக, பெரியய்யா. ஆம்பளைக்கு எடம் மந்தையிலதான? அதான் வந்துட்டேன். எனக்கும் ஒரு தண்ணி முறை போடுங்க. ம், பேசுங்க."

அவள் குரல் அங்கிருந்த ஆம்பிளைகள் குரலைவிடக் கனமாக இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவள் கையிலிருந்த சேலைச் சுருட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது எதற்கான சேலை என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். அவள் முந்தானை காற்றில் பறந்து சின்னச்சாமியின் துண்டில் பட்டது. கிழவர் நெருப்பை மிதித்தவர்போல எழுந்து துள்ளினார்.

"ஏத்தா, தூரமான பொம்பள மந்தையில வந்து ஒக்காருவியா? தீட்டு தீட்டு. வெரசா எந்திரி மொதல்ல."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. கூட்டம் முழுவதற்கும் உறைத்தது. அன்னக்கொடி அவசரப்படாமல் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"எந்திரிச்சுட்டேன், பெரியய்யா. நான் பொம்பளைன்னு ஊருக்கு முன்னால நீங்களே சொல்லிட்டீக. நான் எங்க வீட்டுக்குப் போறேன்."

நேராக வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்குத்தான் வேலுமணி வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்தான். அவளுக்கு முன்னால் ஓடிப்போய், வாசலில் நின்ற தன் தாயாரை விலகச் சொன்னான். இருளாயி விலகினாள்.

என் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. டாக்டரம்மா கை வைத்துச் சொன்னார், மதராசிலிருந்து எழுதி அனுப்பினார்கள், அவள் உடம்பே மாதாமாதம் சொன்னது. அதெல்லாம் கணக்கில் சேரவில்லை. அவளைப் பெண் என்று ஒத்துக்கொள்ள ஒரு கிழவன் தீட்டுக்குப் பயந்து குதிக்க வேண்டியிருந்தது.

அறுபத்தொன்றில் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். இன்றுவரை வருஷம் தவறாமல் டாக்டரம்மாவிடம் போய்க் காட்டிக்கொள்கிறாள், கட்டி திரும்ப வரவில்லை. முட்டு வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள்தானே கதவைச் சாத்தினீர்கள் என்பாள். மந்தையிலிருந்து எழுந்து போன அன்றைக்கே, அந்த விலக்கோடேயே, வீட்டுக்குள் போய் அடுப்பை மூட்டி உலை வைத்துப் புருஷனுக்குச் சோறு போட்டாள். அந்த வருஷம் ஊத்துப்பாறைப் பூண்டு முன்னெப்போதும் இல்லாதபடி விளைந்தது. முழுவதையும் நாங்கள்தான் வாங்கினோம்.